பலகைக்கு இடமில்லாத மலை

அத்தியாயம் 11

மகள் கிறிஸ்டன் இரண்டாவது கல்யாணத்தைக் கோர்ட்டில் முடித்துவிட்டு, அதற்கப்புறம் போனில் சொன்ன நாளிலிருந்து மார்லிஸ் ஹால்வர்சன் அழவில்லை, சத்தம் போடவில்லை, வீட்டிலிருக்கும் அலமாரிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தாள் என்பது வரை உங்களுக்குத் தெரியும். புது மாப்பிள்ளை டிராவிஸ் எப்படி என்று யார் கேட்டாலும், "வித்தியாசமானவர்" என்று சொல்லிச் சிரிப்பாள். டுலூத் ஊரில் ஒருவரை வித்தியாசமானவர் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் திட்டுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை.

முதல் மாப்பிள்ளை எரிக் கதை வேறு. பனியில் சறுக்குகிற ஸ்கீ கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டே பிறந்தவன் மாதிரி இருப்பான். வருஷா வருஷம் மேற்கே போய், மார்லிஸ் முன்னால் வழி காட்ட, பின்னால் கணவர் ரோஜர், கிறிஸ்டன், எரிக் என்று நாலு பேரும் ஒரே கோடாக மலையிலிருந்து இறங்குவார்கள். அந்தப் படம் இன்னும் ஹாலில் தொங்குகிறது. எட்டு வருஷம் வாழ்ந்தவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று மகளும் சொல்லவில்லை, தாயும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தாளோ என்னவோ.

புது மாப்பிள்ளை பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிற வேலையில் இருப்பவன். மார்லிஸின் சர்ச் தோழிகளில் பாதிப் பேர் அவனிடம் வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். அது கூடப் பரவாயில்லை. அவன் ஸ்னோபோர்டுக்காரன். இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்குகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். அவனை அந்தக் கோட்டில் எங்கே நிறுத்துவது என்று மார்லிஸுக்குத் தெரியவில்லை. நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு ஆசையும் இல்லை.

இன்றைக்குத் தேங்க்ஸ்கிவிங் கழிந்த ஞாயிறு. பிப்ரவரியில் நாலு நாள் எந்த மலைக்குப் போவது என்று அந்த வீட்டில் முடிவு செய்கிற நாள். டுலூத்தில் மலை இல்லையா என்றால் ஒன்று இருக்கிறது. லிஃப்டில் ஏறி, மேலே நின்று, கையுறையைச் சரி செய்வதற்குள் கீழே வந்துவிடலாம். மலை என்றால் அது மேற்கேதான், மான்டானா, கொலராடோ, யூட்டா என்று அவர்கள் வழக்கமாகப் போகிற மூன்றில் ஒன்று. ஆளுக்கு ஒரு வருஷம் முறை. முறைக்காரர் மலையின் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் மறுபேச்சுப் பேசக்கூடாது. மலையில் சறுக்குவதற்கான சீசன் பாஸ் விற்பனை இன்று ராத்திரியோடு முடிகிறது என்பதால், பேசி இழுத்தடிக்கவும் வழியில்லை.

இந்த வருஷம் மார்லிஸின் முறை.

"என்ன முடிவு பண்ணியிருக்கே?" என்று கேட்டார் ரோஜர். சர்ச்சிலிருந்து வந்த கோட்டைக் கூடக் கழற்றவில்லை. மார்லிஸ் காட்டரிசியும் கோழியும் கலந்த ஹாட்டிஷ் பாத்திரத்தை ஓவன் அடுப்புக்குள் தள்ளி, கதவைச் சாத்தினாள்.

"மான்டானா வேண்டாம். ரெண்டு விமானம் மாறணும். போன தடவை என் பெட்டி மட்டும் தனியா ஊர் சுத்திட்டு வந்துச்சு."

"சரி."

"கொலராடோ உனக்கு ஒத்துக்காது. அந்த உயரத்துக்குப் போனாலே தலையைப் பிடிச்சுட்டு ரூம்ல படுத்துடறே. சனிக்கிழமை அந்த மலை ரோட்டுல கார் நகர்றதே இல்ல."

"அதுவும் சரிதான்."

"அப்ப யூட்டாதான். ஹாலோவே. விமானத்துல இறங்கினா மதியத்துக்குள்ள மலையில நிக்கலாம். பனியும் மாவு மாதிரி இருக்கும்."

ரோஜர் கோட்டுப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஹாலோவேல ஸ்னோபோர்டு விடமாட்டாங்களே மார்லிஸ். ஸ்கீ மட்டும்தானே."

"இன்னுமா அந்த விதி வெச்சிருக்காங்க? யாருக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவளே போன் போட்டுக் கேட்டிருந்தாள். "மன்னிக்கணும் மேடம், எங்க மலையில ஸ்கீ மட்டும்தான்" என்று அந்தப் பக்கம் ஒரு பெண் வருத்தத்தோடு சொன்னபோது, மார்லிஸ் அவளுக்கு மனதார நன்றி சொன்னாள். போனை வைத்த பிறகு ஒரு பாட்டு கூட முணுமுணுத்தாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்கே கொஞ்சம் கூசியது. ஆனாலும் விமானம், தலைவலி, ரோடு என்று சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு உண்மைகளை வைத்தே காரியம் முடிக்கத் தெரிந்திருக்கிறது.

ரோஜர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கழற்றிய பித்தான்களை மறுபடியும் போட்டுக்கொண்டு, காலையில் ஏற்கெனவே தள்ளி முடித்திருந்த வாசல் பனியை இன்னொரு தடவை தள்ளப் போய்விட்டார். வாய்ச்சண்டைக்குப் பயந்து முப்பத்தைந்து வருஷமாக இப்படித்தான் அந்த வீட்டு வாசல் பளிச்சென்று இருக்கிறது.

கிறிஸ்டனும் டிராவிஸும் வந்தபோது ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, டிராவிஸ் ஒரு தட்டை நீட்டினான். எலுமிச்சை பார் என்கிற புளிப்புக் கேக் துண்டுகள் செய்து எடுத்து வந்திருந்தான்.

"நானே பண்ணினது மார்லிஸ். கொஞ்சம் புளிப்புத் தூக்கலா இருக்கும்."

"உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்," என்றாள் மார்லிஸ். எரிக்கை வா, போ என்றவள் இவனை நீங்க என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை எட்டி நிற்க வைக்கவும் உதவும் அல்லவா.

சாப்பாட்டு மேசையில் டிராவிஸ் நன்றாகப் பேசினான். ஒரு கிழவர் பல் செட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, மறந்துபோய் வீட்டுக்குக் கிளம்பின கதையைச் சொன்னபோது ரோஜர் தண்ணீர் புரையேறச் சிரித்தார். கிறிஸ்டன் மட்டும் சிரிக்கும்போதும் அம்மாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அவள் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"சரி, சொல்லும்மா," என்றாள் கடைசியில். "எந்த மலை?"

மார்லிஸ் கைத்துண்டை மடித்து வைத்தாள். மான்டானாவின் இரண்டு விமானம், கொலராடோவின் தலைவலி, சனிக்கிழமை ரோடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். "அதனால ஹாலோவே," என்று முடித்தாள்.

டிராவிஸின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. அரை விநாடிதான். பிறகு வாய்க்குப் போனது. ஆனால் மார்லிஸ் பார்த்துவிட்டாள். அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"யூட்டா பனி நல்லா இருக்கும்னு சொல்லுவாங்க," என்றான் அவன், சாதாரணமாக.

கிறிஸ்டன் லேப்டாப்பைத் திறந்து பாஸ் வாங்குகிற பக்கத்துக்குப் போனாள். ரோஜர் தன் தட்டில் மிச்சமிருந்த பட்டாணிகளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒண்ணு போட்டிருக்கு," என்றாள் கிறிஸ்டன். குரலை உயர்த்தாமல் படித்தாள். "ஹாலோவே மலை ஸ்கீ சறுக்குபவர்களுக்கு மட்டும். ஸ்னோபோர்டுகளுக்கு அனுமதி இல்லை." நிமிர்ந்தாள். "இது உனக்குத் தெரியுமாம்மா?"

தெரியும் என்று சொல்ல இரண்டு விநாடி போதும். மார்லிஸின் காது மடலிலிருந்து கழுத்து வரை சூடு ஏறியது.

"அப்படியா போட்டிருக்கு?" என்றாள்.

தன் குரலைத் தானே கேட்டாள். என்ன அழகான ஆச்சரியம். இத்தனை வயதில் இவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள முடிந்தால் ஒளிந்திருப்பாள்.

"நான்தான் கேட்டேன் கிறிஸ்டன்," என்றான் டிராவிஸ்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மார்லிஸ்தான் அதிகமாகப் பார்த்தாள்.

"போன தடவை வந்தப்போ உங்க அம்மாகிட்ட சொன்னேன். இந்த வருஷம் ஸ்கீ கத்துக்கணும்னு. போர்டு கையில இருந்தா புத்தி அதுக்குத்தான் போகும், அதனால அதை உள்ளயே விடாத மலையாப் பாருங்கன்னு கேட்டுக்கிட்டேன். உனக்கு இப்ப தெரிய வேண்டாம்னும் நான்தான் சொன்னேன். பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க."

ஒரு தடங்கலில்லாமல் சொன்னான். மருந்து ஊசி போடுவதற்கு முன்னால் வலிக்காது என்று சொல்கிற குரலில் சொன்னான்.

கிறிஸ்டன் அம்மா பக்கம் திரும்பினாள். "நிஜமாவாம்மா?"

இது இரண்டாவது வாய்ப்பு. ரோஜர் பட்டாணிகளை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். கடிகாரம் கூட அப்போது பார்த்து மெதுவாக ஓடியது.

மார்லிஸ் தலையாட்டினாள். "அவர் ஆசைப்பட்டார்," என்றாள்.

கிறிஸ்டன் அம்மாவின் கைமேல் தன் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். "அப்போ தேங்க்ஸ்மா," என்றாள்.

ஒரு அறை வாங்கியிருந்தால் கூட மார்லிஸ் தாங்கியிருப்பாள். இந்த நன்றியை வாங்கி எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. எந்த மனிதனை ஊரோடு விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று மூன்று மாநிலத்து மலைகளைச் சலித்துத் தேடினாளோ, அவன் தயவில் நல்ல அம்மாவாக உட்கார்ந்திருந்தாள். அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த அவமானத்திலும் மாட்டிக்கொள்ளவில்லை என்று மூலையில் ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சமையலறையில் அவள் கழுவ, டிராவிஸ் துடைத்தான். வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லியும் துணியை விடவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள், ஹாலுக்குக் கேட்கக்கூடாது என்று.

"இந்தக் கிண்ணம் எங்க வைக்கணும்?"

"மேல் தட்டுல. டிராவிஸ், நான் உங்களைக் கேக்கறேன்."

அவன் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினான். "பதினஞ்சு வயசுலேர்ந்து போர்டு ஓட்டறேன். எங்க ஆளுங்கள்ல ஹாலோவே விதி தெரியாதவங்க கிடையாது. நீங்க பேர் சொன்ன உடனே புரிஞ்சுடுச்சு."

மார்லிஸ் தட்டின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்காகச் செய்யல, தப்பா நினைக்காதீங்க," என்றான் அவன். "கிறிஸ்டன் இந்த வாரம் பூரா சரியாத் தூங்கல. அம்மா என்ன சொல்லுவாங்களோ, ஏத்துப்பாங்களோ மாட்டாங்களோன்னு ஒரே புலம்பல். காலையில மூணு சட்டை மாத்தினா. அவ சாப்பிடற மேசையில சண்டை வர வேண்டாம்னு தோணுச்சு. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்."

"நான் வந்து..." என்று ஆரம்பித்தாள் மார்லிஸ்.

அவன் காத்திருந்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடுத்த தட்டை எடுத்துச் சோப்பு நீரில் முக்கினாள்.

"இப்ப நான் நிஜமாவே கத்துக்கணும்," என்றான் அவன், சிரித்தபடி. "பிப்ரவரிக்குள்ள. நம்ம ஊர்ல சொல்லித் தர்றவங்க யாராவது தெரியுமா?"

அவளே பத்து வருஷம் அந்தக் குட்டி மலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். அது அவனுக்கும் தெரியும். நான் சொல்லித் தருகிறேன் என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரே பார்க்கிற சரிவில், தோழிகள் எல்லாம் லிஃப்டில் மேலே போய்க்கொண்டிருக்கிற இடத்தில், விழுந்து விழுந்து எழுந்திருக்கிற இவன் பக்கத்தில் தான் நிற்பதை நினைத்துப் பார்த்தாள்.

"விசாரிச்சுச் சொல்றேன்," என்றாள்.

அவன் தலையசைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தான். அவன் முகம் மாறவில்லை. மாறியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவன் வெளியே போனதும் ரோஜர் வந்து நின்றார்.

"அவகிட்ட சொல்லிடு மார்லிஸ்."

"நீயும்தான் வாயை மூடிட்டு உக்காந்திருந்தே."

"ஆமா. எனக்கும் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா மலையைச் சொன்னது நான் இல்ல. அவங்க கிளம்பறதுக்குள்ள சொல்லிடு."

நல்லவேளையாக டுலூத்தில் கிளம்புவது என்பது லேசில் முடிகிற காரியம் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஒரு பேச்சு, கோட்டு மாட்ட ஒரு பேச்சு, கதவில் கை வைத்தபடி ஒரு பேச்சு, அப்புறம் கார் ஜன்னலில் குனிந்து ஒரு பேச்சு. நேரம் இருக்கிறது என்று மார்லிஸ் தைரியம் சொல்லிக்கொண்டாள்.

கோட்டு மாட்டும்போது சொல்லலாம் என்று பார்த்தாள். டிராவிஸ் பக்கத்தில் இருந்தான். கதவருகே சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் ரோஜர் வானிலை பற்றி ஆரம்பித்துவிட்டார், பழக்க தோஷம். மிச்ச ஹாட்டிஷை அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். அவர்கள் வேண்டாம் என்றார்கள். இவள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இருட்டிக்கொண்டு வந்தது.

கடைசியில் கிறிஸ்டன் காரில் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். டிராவிஸ் முன் கண்ணாடியில் படிந்திருந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். மார்லிஸ் வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கிப் போய் ஜன்னலைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது.

"கிறிஸ்டன். அந்த மலை விஷயம்..."

"சொல்லும்மா."

மகளின் முகம் மிகவும் அமைதியாக இருந்தது. சின்ன வயதில் பள்ளி நாடகத்தில் தன் முறைக்காக மேடை ஓரத்தில் காத்திருந்தபோதும் இப்படித்தான் இருந்தாள்.

"அங்க குளிர் ஜாஸ்தியா இருக்கும்," என்றாள். "டிராவிஸுக்கு நல்ல கையுறையாப் பார்த்து வாங்கு."

கிறிஸ்டன் கண்ணை மூடித் திறந்தாள்.

"மூணு மலையைப் பத்தியும் போன வாரமே படிச்சுட்டேன்மா."

மார்லிஸ் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எது வேணாலும் சொல்லட்டும், ஹாலோவேயை மட்டும் அம்மா சொல்ல மாட்டாங்கன்னு நினைச்சேன். சொன்னே. சரி, தெரியாமச் சொல்லியிருக்கலாம்னுதான் அந்த வரியைச் சத்தமாப் படிச்சேன். அது எனக்காக இல்ல, உனக்காக. ஆமா, தெரியும், வேணும்னுதான் சொன்னேன்னு நீ சொல்லியிருந்தா கத்தியிருப்பேன். அழுதிருப்பேன். ராத்திரிக்குள்ள எல்லாம் சரியாப் போயிருக்கும்." அவள் குரல் உயரவே இல்லை. "தேங்க்ஸ் சொன்னேன். அப்பவாவது வாயைத் திறப்பேன்னு பார்த்தேன்."

"கிறிஸ்டன், நான் இப்ப அதைத்தான்..."

"இப்ப நீ கையுறை பத்திச் சொன்னேம்மா."

முன்னால் டிராவிஸ் ஐஸைச் சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவனுக்கு இது எதுவும் கேட்கவில்லை.

"எரிக்கை ஏன் பிரிஞ்சேன்னு நீ கேட்டதே இல்ல," என்றாள் கிறிஸ்டன். "எட்டு வருஷமும் தனக்காகப் பொய் சொன்னான். எங்க இருந்தான், யாரோட இருந்தான், எல்லாம் பொய். அவன் படத்தை இன்னும் ஹால்ல மாட்டி வெச்சிருக்கே. இவர் இன்னைக்கு உனக்காக ஒரு பொய் சொன்னார். நீ தலையாட்டினே."

மார்லிஸுக்கு இந்தப் பனியில் அப்படியே புதைந்து போய்விடலாம் போலிருந்தது. காலில் ஈரம் ஏறுவது கூட உறைக்கவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் பாஸ் வாங்கிட்டேன்," என்றாள் கிறிஸ்டன். "எங்களுக்கு வாங்கல."

"இன்னும் நேரம் இருக்கே."

"இருக்கு. விற்பனை பன்னெண்டு மணிக்குத்தான் முடியுது."

டிராவிஸ் சுரண்டி முடித்து, சிவந்த கைகளை ஊதிக்கொண்டு மறுபக்கம் ஏறினான். "சாப்பாடு பிரமாதம் மார்லிஸ்," என்றான் குனிந்து. "உள்ள போங்க, வெறும் செருப்போட நிக்கறீங்க." ஜன்னல் ஏறியது. கார் பின்னால் நகர்ந்து, தெருவில் திரும்பி, சரிவில் இறங்கியது.

"மான் குறுக்கே வரும், பார்த்துப் போங்க," என்று ரோஜர் வாசல் விளக்கடியில் நின்று கத்தினார். பிறகு இறங்கி வந்தார். மனைவியின் முகத்தை அந்த வெளிச்சத்தில் சரியாகப் பார்க்க முடியவில்லை.

"சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் மார்லிஸ். "அவ சொல்லிட்டா."